மூன்று சக்கரத்தில் லே போகலாமா?

வடக்கே குடியேறிய நம் குடும்பங்களில் பிள்ளைகள் வேலைக்குப் போய் கையில் நாலு காசு சேர்ந்ததும், மோட்டார் சைக்கிளில் லடாக் போக வேண்டும் என்று கிளம்புவது இப்போது சகஜமாகிவிட்டது. அதில் சமீபகாலமாக இன்னொரு ஆசையும் சேர்ந்திருக்கிறது. புல்லட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சைடுகார் மாட்டி, மனைவியையோ அம்மாவையோ குழந்தையையோ அதில் உட்காரவைத்துக் கொண்டு போவது. "இரண்டு சக்கரம் என்றால் பயம் சார், மூன்று சக்கரம் என்றால் பத்திரம்தானே?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் தண்டவாளத்தையும் வளைவுகளையும் பார்த்தே காலம் கழித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பாஷையில் இதை விளக்கப் பார்க்கிறேன்.

மூன்று சக்கரத்தில் மூன்று ஜாதி

மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வட இந்தியாவுக்குப் புதிதல்ல. பழைய தில்லிவாசிகளுக்கு 'பட்பட்டி' ஞாபகம் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் கழித்துவிட்ட ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்பாகத்தை வெட்டி, இரண்டு சக்கரமும் நீளமான பெட்டியும் வைத்து, கன்னாட் பிளேஸுக்கும் பழைய தில்லிக்கும் நடுவே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடின. 1998-ல் புகை மாசு காரணமாக அவை நிறுத்தப்பட்டன. இது முதல் ஜாதி: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. நம் ஆட்டோ ரிக்ஷாவும் இதேதான்.

இரண்டாவது ஜாதி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. கனடாவில் 2007-ல் வெளிவந்த கேன்-ஆம் ஸ்பைடர் இந்த வகை. மூன்றாவதுதான் சைடுகார். மோட்டார் சைக்கிள் அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு தொட்டி. இடதுபுறம் ஓட்டும் நம் நாட்டில் சைடுகார் இடதுபக்கம் இருக்கும். வலதுபுறம் ஓட்டும் நாடுகளில் வலதுபக்கம். ரஷ்யாவின் இர்பிட் நகரில் உருவான யூரல் வண்டி இந்த வகையில் பெயர் பெற்றது. அதற்கு ரிவர்ஸ் கியர் உண்டு. சில மாடல்களில் சைடுகார் சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும். ஒரே ஸ்டெப்னி மூன்று சக்கரத்துக்கும் பொருந்தும். பனியும் சேறும் உள்ள வட தேசங்களுக்காக யோசித்துச் செய்த வண்டி அது. நம் ஊரில் மாட்டும் சைடுகார்களில் பெரும்பாலும் இந்த வசதிகள் கிடையாது.

கரடுமுரடான சாலையில் இந்த ஜாதி வித்தியாசம் முக்கியம். இரண்டு சக்கர வண்டி தரையில் ஒரே ஒரு கோடு போட்டுக்கொண்டு போகும்; பள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தால் நுழைந்துவிடும். கார் இரண்டு கோடு போடும். பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுவிட்டுத் தாண்டலாம். ஆட்டோவும் ஸ்பைடரும் மூன்று கோடு போடும். நடுவில் விட்டால் நடுச் சக்கரம் விழும், ஓரத்தில் விட்டால் ஓரச் சக்கரம் விழும். சைடுகார் வண்டி இரண்டு கோடுதான் போடும். ஆனால் அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி லாரியின் சக்கரத் தடத்தை விடக் குறுகலானது. ரயில்வே பாஷையில் சொன்னால் 'கேஜ்' வேறு. ஆகவே லாரிகள் பள்ளம் போட்ட மண்சாலையில் மோட்டார் சைக்கிள் ஒரு பள்ளத்தில் போனால், சைடுகார் சக்கரம் நடுவில் குவிந்த சரளைக்கல் மேட்டில் ஏறிக்கொண்டு வரும். வண்டி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தபடி, இழுத்தபடியே போகும். ஓட்டுபவரின் தோள்பட்டைக்கு அன்று இரவு தைலம் தேவைப்படும்.

சாயாத வண்டி

இரண்டு சக்கர வண்டி வளைவில் தானாகச் சாய்ந்து சமன் செய்துகொள்ளும். ரயில் பாதையில் இதற்காகத்தான் வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வைக்கிறோம். அதற்குக் 'கான்ட்' என்று பெயர். சைடுகார் வண்டி சாய முடியாது. சாலையும் உடைந்து கிடக்கும் மலை வளைவில் அதற்குக் கான்ட் கொடுப்பாரும் இல்லை. ஆகவே வெளிப்புறம் தள்ளும் விசை முழுவதையும் சக்கரங்களின் அகலமும் எடையும் மட்டுமே தாங்க வேண்டும்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. சைடுகார் வண்டிக்கு இடது வளைவும் வலது வளைவும் ஒன்றல்ல. இடது பக்கம் திரும்பும்போது விசை வலது பக்கம் தள்ளும். வண்டி கவிழ வேண்டுமானால் மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கோட்டின் மேல் கவிழ வேண்டும். மொத்த எடையில் பெரும்பகுதி அந்தக் கோட்டின் மேலேயே இருப்பதால், சைடுகார் சக்கரம் சுலபமாக ஆகாயத்தில் எழும்பிவிடும்.

ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 190 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, காலி சைடுகார் 80 கிலோ. எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 55 செ.மீ. உயரம், சைடுகாரின் மையம் மோட்டார் சைக்கிளிலிருந்து 75 செ.மீ. தள்ளி. 15 மீட்டர் ஆரமுள்ள ஓர் இடது கொண்டை ஊசி வளைவில், சைடுகார் காலியாக இருந்தால் மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகத்திலேயே அதன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். சைடுகாரில் 40 கிலோ மணல் மூட்டை வைத்தால் அது 28 ஆகும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்தால் 30 வரை தாங்கும். அதே ஆளைப் பின்சீட்டில் ஏற்றி, சைடுகாரைக் காலியாக விட்டால் 22-க்குக் குறைந்துவிடும். வளைவு வெளிப்புறம் சரிந்திருந்தால் எல்லாக் கணக்கிலும் இன்னும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து மூன்று பாடம். சைடுகார் ஒருபோதும் காலியாக ஓடக் கூடாது. கனமான சாமான்கள் சைடுகாரின் அடித்தளத்தில், சற்றுப் பின்பக்கமாக இருக்க வேண்டும். கூட வருபவர் பின்சீட்டில் அல்ல, சைடுகாரில்தான் உட்கார வேண்டும். இடதுபுறம் ஓட்டும் நம் நாட்டில் இடது கொண்டை ஊசி வளைவில்தான் நாம் உள்பக்கத்தில், குறுகிய ஆரத்தில் திரும்புகிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வண்டிக்கு எது பலவீனமான பக்கமோ, அந்தப் பக்கத்து வளைவுதான் இறுக்கமாகவும் இருக்கிறது.

வலது வளைவில் சக்கரம் அவ்வளவு சுலபமாக எழும்பாது. ஆனால் வேகமாக வந்து, திரும்பும்போது பிரேக்கையும் பிடித்தால் எடை முன்னாலும் இடதாகவும் பாயும். முன் சக்கரத்தையும் சைடுகார் சக்கரத்தையும் இணைக்கும் கோட்டின் மேல், பின் சக்கரம் எழும்பி வண்டி குப்புறக் கவிழப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவதுதான் இதற்கு மருந்து.

கை பழகிய பழக்கமே எதிரி

ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் மோட்டார் சைக்கிளைத்தான் தள்ளுகிறது. சைடுகார் சும்மா இழுபடுகிறது. ஆகவே வண்டி இடதுபக்கம் இழுக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டாலோ, பிரேக் பிடித்தாலோ மோட்டார் சைக்கிள் நிற்கப் பார்க்கும். சைடுகார் தன் வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். வண்டி வலதுபக்கம் திரும்பும். ஏற்றத்தில் இடது இழுப்பு, இறக்கத்தில் வலது இழுப்பு. மலைச் சாலையில் வலது என்றால் எதிரே வரும் லாரி அல்லது பள்ளத்தாக்கு. ஆகவே சைடுகார் சக்கரத்துக்கும் பிரேக் வைத்து, பின் பிரேக்கோடு இணைப்பது மிக அவசியம். இது இல்லாத சைடுகாரை ஊருக்குள் கோயிலுக்குப் போகவர உபயோகிக்கலாம். பல ஆயிரம் அடி இறக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

இதைவிட ஆபத்தானது ஓட்டுபவரின் பழக்கம். இரண்டு சக்கர வண்டியை வேகத்தில் இடதுபக்கம் திருப்ப, நாம் அறியாமலே இடது கைப்பிடியை லேசாக முன்னே தள்ளுகிறோம்; வண்டி இடதுபக்கம் சாய்ந்து திரும்புகிறது. சைடுகார் வண்டியில் இடது கைப்பிடியைத் தள்ளினால் அது நேர் எதிராக வலதுபக்கம் போகும். ஆட்டோ ஓட்டுவது போல ஹாண்டில்பாரைத் திருப்பித்தான் ஆக வேண்டும். சமதளத்தில் நிதானமாக ஓட்டும்போது இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் திடீரென்று எதிரே ஒரு லாரி தோன்றும் அந்த ஒரு நொடியில், மூளை பழைய பழக்கத்துக்கே போகும். இருபது வருஷம் புல்லட் ஓட்டிய அனுபவம் அந்த நொடியில் உதவாது, உபத்திரவம்தான் செய்யும். ஆகவே சைடுகார் மாட்டிய பிறகு குறைந்தது ஆயிரம் கி.மீ. சமவெளியிலும், பிறகு கசௌலி, முசூரி போன்ற பக்கத்து மலைகளிலும், சைடுகாரில் மணல் மூட்டையோடு ஓட்டிப் பழகாமல் யாரையும் அதில் ஏற்றக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சாலை எப்படி இருக்கும்?

மணாலியிலிருந்து லே சுமார் 430 கி.மீ. 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கம் திறக்கப்பட்டதால் 46 கி.மீ. குறைந்தது, ரோதாங் கணவாயின் சேற்றில் மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லாமற் போயிற்று. ஆனால் மற்றக் கணவாய்கள் அப்படியே நிற்கின்றன: பாரலாச்சா லா சுமார் 4,900 மீட்டர், லாச்சுலுங் லா 5,000 மீட்டருக்கு மேல், தங்லங் லா சுமார் 5,300 மீட்டர். நகீ லா கணவாய்க்கு ஏறும் இடத்தில் 'காட்டா லூப்ஸ்' என்று 21 கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வருகின்றன. கொல்லிமலையின் 70 வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு 21 என்பது பெரிதாகத் தோன்றாது. ஆனால் இங்கே காற்றே பாதிதான் என்பதை மறக்கக் கூடாது. ஏறும்போது இடதாக இருந்த வளைவு, திரும்பி வரும்போது வலதாகிவிடும் என்பதால் போகும்போது கற்ற பாடம் வரும்போது செல்லாது.

1960-ல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு இந்தச் சாலையை வருஷா வருஷம் பனியிலிருந்து தோண்டி எடுத்துப் பழுது பார்க்கிறது. நல்ல தார்ச்சாலை நிறைய வந்துவிட்டது. இருந்தாலும் ஒரு சாலை இங்கே கெடுவதற்குக் காரணம் அலட்சியமல்ல, தண்ணீர். சாலைக்கு அடியில் புகுந்த நீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பருக்கும், சாலையைத் தூக்கும். உருகும்போது அடியில் வெற்றிடமும் சேறும் மிஞ்சும். அதன்மேல் கனரக லாரி போனால் மேல்தளம் நொறுங்கும். ரயில் பாதையில் ஜல்லியைக் கொட்டி நீரை வடியவிடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சாலையின் விளிம்பு இப்படித்தான் உள்ளே அரிக்கப்பட்டு, மேலே பார்க்கக் கெட்டியாகத் தோன்றும்.

இங்கே ஒரு விஷயத்தைக் குடும்பத்தார் அனைவரும் யோசிக்க வேண்டும். இடதுபக்கம் பள்ளத்தாக்காக இருக்கும் இடங்களில், விளிம்பில் இருப்பது ஓட்டுபவர் அல்ல, சைடுகாரில் இருப்பவர். ஓட்டுபவர் தன் சக்கரத்தைப் பார்த்துத்தான் இடம் கணிப்பார். அவருக்கு இடதுபக்கம் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, அம்மாவோ மனைவியோ உட்கார்ந்திருக்கும் சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டு போகும். எதிரே லாரி வந்து ஒதுங்க வேண்டிய இடத்தில், முதலில் வண்டியை நிறுத்தி, அவரை இறக்கிவிட்டு, பிறகு ஒதுங்குங்கள். ஒரு நிமிஷம்தான் செலவாகும். குறுகலான மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்ற விதியையும் நினைவில் வையுங்கள். இறங்கும்போது நாம்தான் நின்று வழிவிட வேண்டும்.

அடுத்தது ஓடைகள். பனி உருகும் நீர் காலையில் குறைவாகவும் பிற்பகலில் பெருக்கெடுத்தும் ஓடும். ஓடை உள்ள பகுதிகளை மதியத்துக்கு முன்பே கடந்துவிட வேண்டும். கூழாங்கல்லில் வழுக்கி விழாமல் நிற்பதில் மூன்று சக்கரத்துக்கு உண்மையான அனுகூலம் உண்டு. ஆனால் காலி சைடுகாரை வெள்ளம் பக்கவாட்டில் தள்ளிவிடும் என்பதால் அங்கேயும் பாரம் வேண்டும். ஆள் மட்டும் இறங்கிப் பாதுகாப்பாகக் கடக்கலாம்.

மண்சாலைகளில் குறுக்கே அலை அலையாக வரி விழுந்திருக்கும். சக்கரங்கள் குதித்துக் குதித்து உண்டாக்குவது அது. தண்டவாளத்தின் மேலும் இப்படிச் சிற்றலை விழுவதுண்டு. வண்டி போகும்போது 'கர்'ரென்று உறுமும். சைடுகார் வண்டியில் இரண்டு பக்கமும் வெவ்வேறு நேரத்தில் குதிப்பதால், சைடுகாரை இணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்துகொண்டே வரும். ரயில் பாதையில் கீமேன் என்று ஒருவர் தினம் காலையில் சுத்தியலும் ஸ்பானருமாகத் தன் எல்லை முழுவதும் நடந்து, தளர்ந்த ஒவ்வொரு கீயையும் அடித்து இறுக்குவார். லட்சக்கணக்கான பயணிகளின் உயிர் அந்த நடையில் இருக்கிறது. சைடுகார் ஓட்டுபவர் தன் வண்டிக்குத் தானே கீமேனாக இருக்க வேண்டும். தினம் கிளம்பும் முன் எல்லா இணைப்புகளையும் கையால் தொட்டு, ஸ்பானர் போட்டுப் பார்க்க வேண்டும். சைடுகார் சக்கரம் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்கும்படியும், மோட்டார் சைக்கிள் மிகச் சிறிதளவு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படியும் பட்டறையில் அமைத்திருப்பார்கள். இந்த அளவு மாறினால் டயர் சில நூறு கி.மீட்டரில் தேய்ந்துவிடும், இழுப்பும் அதிகமாகும்.

எஞ்சினுக்கும் மனிதனுக்கும் மூச்சு

5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம். எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். 20 குதிரைசக்தி எஞ்சின் 11, 12-ஐத்தான் கொடுக்கும். பழைய கார்புரேட்டர் வண்டி கரும்புகை கக்கும். புதிய இஞ்ஜெக்ஷன் வண்டி பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யும், ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. நானூறு கிலோவை இழுக்கக் கிளச்சைப் பாதி பிடித்தபடி ஓட்டினால் கிளச் பிளேட் கருகிவிடும். முன்பக்க ஸ்ப்ராக்கெட்டைப் பல் குறைந்ததாக மாற்றி, முதல் கியரின் இழுவையைக் கூட்டிக்கொள்வது நல்லது. ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டியை ஏற்றத்தில் பின்னே தள்ள ஒருவரால் ஆகாது. அந்த உயரத்தில் பத்தடி தள்ளினாலே மூச்சு வாங்கும். ஆகவே தனி வண்டியாகப் போக வேண்டாம்.

டாண்டி பெட்ரோல் பங்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்ற பலகை பிரசித்தம். சைடுகார் மாட்டினால் லிட்டருக்கு 20 கி.மீ. கிடைத்தால் அதிகம். அப்படியானால் 18 லிட்டர் வேண்டும்; டாங்கில் கொள்வதோ 13 சொச்சம். டாண்டியில் டாங்கை நிரப்பி, குறைந்தது பத்து லிட்டர் தகர டப்பாவில் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். அதை சைடுகாருக்கு வெளியே பின்புறம் கட்ட வேண்டும். ஆள் உட்காரும் தொட்டிக்குள் வைக்கவே கூடாது.

ஓட்டுபவர் உடம்பை அசைத்துக்கொண்டே இருப்பதால் குளிர் அவ்வளவாகத் தெரியாது. சைடுகாரில் இருப்பவர் தரைக்கு அருகில் அசையாமல் உட்கார்ந்து, முன்னே போகும் லாரியின் தூசியைக் குடித்துக்கொண்டு வருவார். அவருக்கும் ஹெல்மெட், மூக்குத் துணி, கம்பளி எல்லாம் வேண்டும். முதல் இரவே சுமார் 4,300 மீட்டர் உயர சர்ச்சுவில் தங்குவது தவறு. மணாலியில் இரண்டு நாள், பிறகு 3,200 மீட்டர் உயர ஜிஸ்பாவில் ஒன்றிரண்டு இரவு என்று உடம்பைப் பழக்க வேண்டும். தலைவலி, வாந்தி வந்தால் மேற்கொண்டு ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் உடனே கீழே இறங்க வேண்டும். எஞ்சின் இரைச்சலில் சைடுகாரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. சிரமம் கொடுக்கக் கூடாது என்று வாய் திறக்காமல் வருவது நம் வீட்டுப் பெரியவர்களின் சுபாவம். மணிக்கு ஒரு தரம் நிறுத்தி, இறங்கி, நாலடி நடக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சைடுகார் மாட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மெக்கானிக் "எல்லாரும் மாட்டுறாங்க சார்" என்று சொல்வது, விபத்து நடந்த பிறகு கிளெய்ம் வாங்கித் தராது.

ஆகவே, போகலாமா?

ஊனமுற்ற காலால் இரண்டு சக்கர வண்டியைத் தாங்க முடியாதவர்களுக்கும், சாமான் நிறையக் கொண்டுபோக வேண்டியவர்களுக்கும், வழுக்கும் சேற்றில் மெதுவாகப் போக நினைப்பவர்களுக்கும் சைடுகார் நல்ல துணை. நன்றாகப் பழகி, சைடுகாருக்கு பிரேக் வைத்து, கூட இன்னொரு வண்டியோடு, ஜூலை ஆகஸ்டு மழையைத் தவிர்த்து செப்டம்பரில், நாளுக்கு நூறு நூற்றிருபது கி.மீ. என்று நிதானமாகப் போகக் கூடியவர், ஆரோக்கியமான, விருப்பத்தோடு வரும் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு போகலாம். கைக்குழந்தை, இருதய நோயாளி, ரத்த அழுத்தம் அடங்காதவர், எழுபது தாண்டிய தாய் தந்தையர் ஆகியோரை சைடுகாரில் ஏற்றிக்கொண்டு இந்தச் சாலையில் போகக் கூடாது. அவர்களுக்கு லடாக் காட்ட ஆசையிருந்தால், லேக்கு விமானத்தில் அழைத்துப் போங்கள். இரண்டு நாள் முழு ஓய்வு கொடுத்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பிறகு காரில் சுற்றிக் காட்டுங்கள்.

மூன்றாவது சக்கரம் நின்றுகொண்டிருக்கும் வண்டி விழாமல் பார்த்துக்கொள்ளும். ஓடும் வண்டியைப் பார்த்துக்கொள்வது ஓட்டுபவரின் பொறுப்பு. இதைப் புரிந்துகொண்ட பிள்ளையாக இருந்தால், வீட்டார் தாராளமாக அனுமதி கொடுக்கலாம்.